அம்மம்மாவின் கல்வெட்டில் ‘சுடுதண்ணி ஆச்சி’ என்று போடலாமா?

ஒழுங்கைப் பேத்தி:

வணக்கம். கல்வெட்டு (இறந்தவரைப் பற்றி 31ஆம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம்) எழுதிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

என் அம்மம்மா இந்த மாதத் தொடக்கத்தில் காலமானார். 88 வயது. பாயில் கிடக்கவில்லை, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை. முதல் நாள் மத்தியானம் சூடை மீன் சரியாகப் பொரியவில்லை என்று என்னோடு கோபித்தார். இரவு இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விடியப்புறம் மூன்றரைக்கு வழக்கமாகக் கேட்கும் இருமல் கேட்கவில்லை. அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

31ஆம் நாளுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் செய்ததுபோல் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போய்க் கிரியை, பிறகு வீட்டில் சாப்பாடு. கல்வெட்டு 300 பிரதி அடிப்பதாக லண்டனிலிருந்து மாமா சொல்லிவிட்டார், காசும் வந்துவிட்டது. எழுதும் வேலை மட்டும் என் தலையில். நான் லீவுக் கடிதத்தைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை.

அச்சகத்தில் போய்க் கேட்டேன். “மாதிரி ஒண்டு இருக்கு மிஸ், பெயரையும் திகதியையும் மாத்தினாச் சரி” என்றார் அங்கிருந்த தம்பி. வாசித்துப் பார்த்தேன். கனிவின் சிகரமாம், கருணையின் இருப்பிடமாம், விருந்தோம்பலின் விளைநிலமாம். நல்ல தமிழ்தான். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் அம்மா சூடை மீனுக்காக ஒருவரோடும் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் வீட்டில் இருந்தவர் அவரல்ல.

சரி, எங்கள் வீட்டில் இருந்தவர் யார்?

1936இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆறு வயதில், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது, சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பார்த்துக்கொண்டே தம்பலகாமத்துக்கு மாட்டு வண்டியில் போனதாகச் சொல்வார். அம்மப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதோடு அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பெரிந்தது அம்மம்மாவின் இடியப்பத்தால். நாளுக்கு 400 இடியப்பம், இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு. மூன்றரைக்கு எழும்பி, கிடாரத்தில் தண்ணீர் வைத்து, வறுத்த மாவுக்குக் கொதிநீர் ஊற்றிக் குழைத்து, ஐந்தரைக்குள் முதல் பெட்டி படலை தாண்ட வேண்டும்.

எங்கள் வீடு பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அம்மம்மாவின் கதை முழுவதும் அந்தத் தூரத்தில்தான் நடந்தது.

அந்தக் காலத்தில் மூதூரிலிருந்து ஆட்கள் லோஞ்சில் (மோட்டார்ப் படகில்) வருவார்கள். கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறி இறங்கி வருவார்கள். (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆற்றைக் கடக்க வாகனத்தையும் சனத்தையும் ஏற்றும் மிதவை.) நோயாளியை வாட்டில் சேர்த்தாயிற்று. பொழுது பட்டால் திரும்பிப் போக லோஞ்சும் இல்லை, பாதையும் இல்லை. டவுனில் சொந்தக்காரரும் இல்லாவிட்டால் எங்கே படுப்பது? எங்கள் விறாந்தையில் படுத்தார்கள். பாய், தலையணை, காலையில் இடியப்பம், சொதி. அப்புறம் அந்தச் சுடுதண்ணிப் போத்தல்கள் (பிளாஸ்க்). நோயாளிக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணி வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு நிறைத்துக் கொடுத்துவிடுவார். மொத்தம் ஆறு போத்தல். அடியில் சிவப்புக் கியூடெக்ஸால் (நகப்பூச்சு) ஒன்று முதல் ஆறு வரை புள்ளி வைத்திருப்பார். திரும்பி வராத போத்தலுக்கு அதே புள்ளியோடு புதிதாக ஒன்று வாங்குவார். மூன்று புள்ளிப் போத்தல் மட்டும் நான் பிறந்த பிறகே ஐந்து தடவை மாறியது. அதில் என்ன தோஷமோ!

வருகிறவரிடம் ஊர் கேட்க மாட்டார், பெயர் கேட்க மாட்டார், சமயம் கேட்க மாட்டார். “எந்த வாட்டு?” இது ஒன்றுதான் கேள்வி. அதைக் கேட்டால் எத்தனை நாள் தங்குவார்கள் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஏன் இதெல்லாம் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: “அடுப்பு எப்பிடியும் எரியுதுதானே.”

இது எப்போது தொடங்கியது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. 1964 டிசம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு, பக்கத்து வீடுகளின் கூரையெல்லாம் போய் எங்களுடையது மட்டும் தப்பிய நேரத்தில் என்று அம்மா சொல்கிறார். இல்லை, அம்மப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் என்று மாமா சொல்கிறார். அம்மம்மாவிடம் கேட்டால் “இப்ப அது எதுக்கு?” என்பார்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். பிறகு மூதூர் ரோட்டிலும் பாலங்கள் வந்தன. விறாந்தையில் ஆள் குறைந்தது. நல்லதுதானே என்றால், ஓம் நல்லதுதான் என்பார். ஆனால் படலைச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கும் பழக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை.

செத்தவீட்டுக்கு எங்களுக்கு அடையாளமே தெரியாத சனம் வந்தது. யாருக்கும் அவருடைய பெயர் தெரியவில்லை. “சுடுதண்ணி ஆச்சி வீடு எது?” என்று சந்தியில் கேட்டு வந்தார்கள்.

என் கேள்விகள் இரண்டு. அந்தப் பெயரைக் கல்வெட்டில் போட வேண்டும் என்பது என் விருப்பம். மாமா ஒரேயடியாக மறுக்கிறார். பட்டப்பெயர் போட்டால் ஊர் சிரிக்குமாம், லண்டனிலும் நாலு பேர் வாசிப்பார்களாம்.

இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமானது. என் அம்மாவிடம், அதாவது அவருடைய மகளிடம், நாலு வரி சொல்லுங்கள் என்றேன். அம்மா சொன்னது இது: “அடுப்பு எரியுது, அடுப்பு எரியுது எண்டு ஊருக்கெல்லாம் சொன்னா. விறகு பிளந்தது ஆர்? நானும் அக்காவும்.” பாலை விறகும் வீரை விறகும் வண்டியில் வந்து முற்றத்தில் இறங்குமாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு பேரும் கோடாலி எடுக்க வேண்டும். விறாந்தை நிறைய ஆட்கள், அறையில் வயதானவர்கள், ஆகவே படிப்பு குசினியில், குப்பி விளக்கில். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டதற்கு அம்மா இன்றைக்கும் அந்த விறாந்தையைத்தான் குற்றம் சொல்கிறார். அழவில்லை, கோபமாகச் சொன்னார். அம்மம்மாவைக் கடைசிப் பத்து வருடமும் குளிப்பாட்டி, தலைவாரிப் பார்த்ததும் இதே அம்மாதான்.

இதை எழுதுவதா, விடுவதா?


உவர்மலைக் கிழவன்:

பிள்ளை, முதலில் என் அனுதாபம். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் நான். இந்த ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் கல்வெட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த அச்சக மாதிரியைப் போல நானும் சிலது எழுதியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் எழுதினால் எல்லோரும் கருணையின் இருப்பிடம்தான். போன வருடம் ஒருவருக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். அவரிடம் வட்டிக்கு வாங்கியவர்கள் சாப்பாட்டுப் பந்தியிலேயே வாசித்துச் சிரித்தார்கள்.

நீங்கள் மேலே எழுதியிருப்பதே கல்வெட்டுத்தான். அதில் கை வைக்காதீர்கள். “எந்த வாட்டு?” என்று தொடங்குங்கள். பிறந்த வருடம், பெற்றோர், கலியாணம் எல்லாம் இரண்டாம் பந்திக்குப் போகட்டும், ஓடிவிடாது.

பெயர் விஷயம். உங்கள் மாமாவுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். கல்வெட்டில் திதி வெண்பா ஒன்று வருமல்லவா, இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அடக்கி? அதற்கு அலகிட்டு, அதாவது அசை பிரித்துப் பார்த்தேன். சுடுதண்ணி, நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆச்சி, நேர் நேர், தேமா. காய் முன் நேர் வருகிறது, தளை தட்டவில்லை. ‘சுடுதண்ணி யாச்சி’ என்று எழுதினாலும் அப்படியேதான். அடுத்த சீரை மட்டும் நிரையில் தொடங்க வேண்டும். வெண்பா எவ்வளவு கறாரான ஆள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அதுவே உங்கள் அம்மம்மாவை வாசலில் மறிக்காமல் உள்ளே விடுகிறது. லண்டனில் நாலு பேருக்கு என்ன?

வெண்பாவை நான் எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்று, உங்கள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பதை ஐயரிடம் கேட்டுச் சொல்லுங்கள். இரண்டுக்கும் திதி முடியும் நேரம் வித்தியாசப்படும். அவர் விடியப்புறம் போனவர் என்கிறீர்கள், அந்த நேரத்தில் இது மாறவும் கூடும். வெண்பாவில் ஒரு திதி, வீட்டில் கொடுக்கும் திவசம் வேறு திதி என்றால் பத்து வருடத்துக்குச் சண்டை.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் பட்டியலை மூன்று பேரிடம் காட்டித் திருத்துங்கள். எப்போதும் ஒரு மருமகன் விடுபட்டுப் போவார். அவர் அதை மறக்க மாட்டார். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரட்டும், தாளை மடித்துத் தைப்பதால் இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் மிஞ்சும். அதை நிரப்ப அச்சகத்துத் தம்பி ரோசாப்பூப் படம் போடுவார்.

பஞ்சபுராணத்தில் (ஐந்து திருமுறைப் பாடல்கள்) தேவாரத்துக்குச் சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்திலிருந்து ஒன்றை எடுங்கள். நம்முடைய ஊருக்கென்று ஒரு பதிகம் இருக்கும்போது வேறு தலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. கோணேசர் நகர்வலம் வரும்போது உங்கள் அம்மம்மா படலையில் நிறைகுடம் வைத்தவராகத்தான் இருப்பார்.

உங்கள் அம்மா சொன்னது பற்றி: எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன்.


பாதையடி:

தங்கச்சி, நான் கிண்ணியா. வாசித்ததும் உம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஒழுங்கை, விறாந்தை, இடியப்பம், எல்லாம் சரியாக வருகிறது. அது உங்கள் வீடுதான்.

1997 ஜனவரி. நோன்பு மாதம், விடாத மாரி மழை. வாப்பாவை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எனக்கு 11 வயது. பொழுது பட்டுவிட்டது, பாதைக்குத் திரும்ப வழியில்லை. உம்மாவும் நானும் ஆஸ்பத்திரி வாசலில் நனைந்துகொண்டு நின்றபோது, ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறா, அங்கே போங்கள் என்று ஓர் அற்றன்டன் சொன்னார். போனோம். நீங்கள் எழுதிய அதே கேள்வி. “எந்த வாட்டு?” உம்மா சொன்னதும், “அப்ப மூண்டு நாள்” என்றார். மூன்று நாள்தான் ஆனது.

உம்மா முதலில் சாப்பிடத் தயங்கினார். ஆச்சி விளங்கிக்கொண்டு, “இந்த வீட்டில மச்சம் எண்டா மீன் மட்டுந்தான் புள்ள, இறைச்சி ஏறுறதில்ல. பயப்பிடாமச் சாப்பிடு” என்றார். ஆனால் உம்மா இன்றைக்கும் சொல்வது அதையல்ல. அடுத்த நாள் நோன்பு பிடிக்க வேண்டும், அந்நிய வீட்டில் சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) எப்படி எழும்புவது, எதைச் சாப்பிடுவது என்று உம்மா கவலையோடு படுத்திருக்கிறார். ஒன்றும் வாய் திறந்து சொல்லவில்லை. நாலு மணி இருக்கும், ஆச்சி வந்து காலைத் தட்டி எழுப்பினார். தட்டில் ஆவி பறக்கிற இடியப்பம், பக்கத்தில் சொதி, ஒரு சுடுதண்ணிப் போத்தல். “நான் எப்பிடியும் எழும்பித்தான் இருக்கிறன்” என்றாராம். மூன்று நாளும் அப்படியே. உம்மா அவவை ‘சஹருக்கு எழுப்பின ஆச்சி’ என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் இல்லை.

நல்ல ஏச்சும் கேட்டோம். பார்க்க வந்த என் மாமா முற்றத்தில் வெற்றிலை துப்பிவிட்டார். ஆச்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துக் கழுவ வைத்தார். ஒன்பது மணிக்கு விறாந்தை லைற் அணைந்துவிடும், பிறகு பேசினால் உள்ளேயிருந்து செருமல் சத்தம் வரும்.

போத்தல் விஷயம். நாங்கள் கிளம்பும்போது வாப்பாவுக்கென்று ஒன்று நிறைத்துத் தந்தார். இளநீல நிறம். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், கொடுக்கவில்லை. 2004 சுனாமியில் வீட்டுச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது. அடியில் எத்தனை புள்ளி இருந்தது என்று கேட்டேன், உம்மாவுக்கு ஞாபகமில்லை. மூன்றாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

31ஆம் நாளுக்கு உம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா? உம்மா கேட்கச் சொன்னார்.


மழைக்காலம்:

நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் நிலாவெளி. பட்டப்பெயரைப் போடுங்கள், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அம்மா சொன்ன குறையை அச்சில் ஏற்றாதீர்கள், தங்கச்சி. கல்வெட்டு நீதிமன்றமல்ல, போனவர் வந்து பதில் சொல்ல முடியாது. என் அப்பாச்சியைப் பற்றியும் எங்களிடம் ஆயிரம் இருந்தது. நாங்கள் எழுதவில்லை. 31 அன்று வந்தவர்கள் சாப்பிட்டு, அழுது, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அதுவே போதும். கதையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.


உவர்மலைக் கிழவன்:

கனடாத் தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் முப்பது வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு விறாந்தை, ஆறு போத்தல், நாளுக்கு 400 இடியப்பம், அதற்கு மேல் வந்தவர்களுக்கெல்லாம் சுடுதண்ணி. எத்தனை வண்டி விறகு! அந்த விறகு தானாகப் பிளந்துகொண்டதாகக் கல்வெட்டில் எழுதினால் அது பொய்க்கணக்கு. மகள்மார் இரண்டு பேரும் கோடாலி பிடித்தார்கள் என்பது குறையல்ல, செலவு. செலவை எழுதாமல் தருமத்தை மட்டும் எப்படி எழுதுவது?

நீங்களாக எழுதாதீர்கள் பிள்ளை. அம்மாவைக் கேளுங்கள். அவர் சொன்னால் சொன்னபடி போடுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.


ஒழுங்கைப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக எழுத முடியவில்லை, வீடு முழுக்க ஆட்கள்.

கிண்ணியா நானா, உம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாப்பாடு மரக்கறிதான். போத்தலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நாலு புள்ளியும் ஆறு புள்ளியும் மட்டும்தான் இப்போது வீட்டில் இருக்கின்றன. மிச்சமெல்லாம் எங்கேயோ யாருக்கோ சுடுதண்ணி வைத்திருக்கும், அல்லது உடைந்திருக்கும்.

உங்கள் எல்லோருடைய பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். சஹர்க் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “லைற் அணைக்கிறது ஒம்பதுக்கில்ல, பத்துக்கு” என்றார். வாத்தியார் ஐயா எழுதிய விறகுக் கணக்கை வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சுளகைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு படுக்கும்போது தானாகவே பேசினார். கணக்குச் சோதினைக்கு முதல் நாள் இரவாம். மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணின் குழந்தை வாட்டில் இறந்துவிட்டது. பிரேதத்தைக் கொண்டுபோக விடிந்தால்தான் லோஞ்ச். அந்தப் பெண் எங்கள் விறாந்தையில் இரவு முழுக்க அரற்றியிருக்கிறாள். அம்மா குசினியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு காதைப் பொத்தியபடி இருந்தாராம். அம்மம்மா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லையாம். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்தபடி விடியும்வரை அப்படியே இருந்தாராம். மூன்றரைக்கும் எழும்பவில்லை. கிடாரம் ஏறவில்லை, ஒரு இடியப்பம் அவியவில்லை. இரண்டு கடைக்காரரும் வந்து படலையில் நின்று சத்தம் போட்டார்களாம்.

“எனக்குத் தெரிய அந்த அடுப்பு எரியாத நாள் அது ஒண்டுதான்” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு அண்டைக்குச் சோதினை. ஒரு பிளேன்டீகூட இல்ல” என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அதைத் தான் சொன்னபடியே போடச் சொல்லிவிட்டார், பிளேன்டீயையும் சேர்த்து. பெரியம்மாவும் ஓம் என்றுவிட்டார். கனடா அக்கா, கோபிக்க வேண்டாம்.

மாமாவைச் சமாளித்தது வெண்பா. புளிமாங்காய், தேமா என்று போனில் விளக்கினேன் (எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஐயா எழுதியதைப் பார்த்து வாசித்தேன்). மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவவுக்கு இது தெரிஞ்சா என்னத்தைச் சொல்லுவா?” என்றார். தெரியும், இரண்டு பேருக்கும். “இப்ப அது எதுக்கு?” அட்டையில் முழுப்பெயர், கீழே சின்ன எழுத்தில் பட்டப்பெயர் என்று முடிவாயிற்று. ஐயா, எங்களுடையது வாக்கிய பஞ்சாங்கம். திதியை ஐயரிடம் எழுதி வாங்கித் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன்.

கன்னியா பற்றி அவர் சொல்வது ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். தாய்க்குக் கிரியை செய்யத்தான் இராவணன் அந்த ஏழு கிணற்றையும் உண்டாக்கினான் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி அள்ளி ஊற்றி, இது கூடச் சூடு, இது குறைவு என்று பார்த்துவிட்டு அம்மம்மா சொல்வார்: “கெட்டிக்காரன். விறகுச் செலவில்லாம ஏழு அடுப்பு வச்சிருக்கிறான்.”

படம்தான் தொல்லை. கலியாண வீட்டுப் படங்களில் எல்லாம் அவர் யாருக்காவது தட்டு நீட்டிக்கொண்டு பாதி முகம் தெரிய நிற்கிறார். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். மீன் பொரியாத முகம். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.


உவர்மலைக் கிழவன்:

வெண்பா தனி மடலில் வந்திருக்கும், பாருங்கள். இரண்டாம் அடியில் மட்டும் எனக்குத் திருப்தியில்லை. நாளைக் காலைக்குள் மாற்றித் தருகிறேன், அதுவரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். புரூப் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி காட்டுங்கள், அச்சகத்தில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்று.


ஒழுங்கைப் பேத்தி:

புரூப் இன்றைக்கு வந்தது, ஐயா. மொத்தம் 20 பக்கம், ரோசாப்பூ இல்லை. மருமகன்மார் எல்லோரும் இருக்கிறார்கள், எண்ணிப் பார்த்துவிட்டோம்.

ஒரு பிழைதான். கடைசிப் பக்கத்தில் ‘நன்றி நவிலல்’ வரும் இடத்தில், கிரியை செய்த குருக்கள், மலர்வளையம் வைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள் என்று வரிசையாகப் போய், கடைசியில் அம்மா ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்: “விறகு பிளந்தவர்கள்: மகள்மார் இருவர்.” அது எப்படியோ தவறுதலாக வந்துவிட்டது என்று நினைத்து அச்சகத்துத் தம்பி எடுத்துவிட்டார். திரும்பப் போடச் சொல்லி அம்மாவே நேரில் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை புத்தகம் கையில் கிடைக்கும்.